வேளை பார்த்துக் காலை வாரிய ஃபிளாஷ்

அந்த ஃபிளாஷுக்கு மட்டும் ஒரு கன்னம் இருந்திருந்தால், கல்யாணப் படம் எடுக்கும் போடில் பளாரென்று ஒன்று வைத்திருப்பாள்.

சமையலறை மேடைமேல் வைத்துச் சோதித்தாள்: அடித்தது. மறுபடி அமுக்கினாள்: அடித்தது. கூடத்துக்குத் தூக்கிப் போய் ஸ்டாண்டில் மாட்டிக் காலி நாற்காலியைப் படம் எடுத்தாள்: அதற்கும் ஒழுங்காக அடித்தது. ஆனால் யாராவது யாரையாவது கட்டிப்பிடித்தால், கோப்பையைத் தூக்கினால், கண்ணைத் துடைத்தால், அப்போது மட்டும் செத்துக் கிடந்தது. பல்வலி என்று டாக்டர் நாற்காலியில் போய் உட்கார்ந்ததும் வலி மாயமாகிவிடுமே, அந்த மாதிரிக் கழுத்தறுப்பு.

ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை, சாயங்காலம். ஊர் மன்றத்தில் சிசெலுக்கும் யெப்பெவுக்கும் கல்யாண விருந்து நடந்துகொண்டிருந்தது. கோடை முழுக்கச் சனிக்கிழமை தவறாமல் கல்யாணம் எடுத்து எடுத்துப் போடிலுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வலது இடுப்பில், நின்றால் ஒரு வலி, உட்கார்ந்து எழுந்தால் வேறொரு வலி. நாளைக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டு மத்தியானம் வரை தூங்குவது, வீடு பற்றி எரிந்தாலும் எழுந்திருப்பதில்லை என்று காலையிலேயே தனக்குத் தானே சத்தியம் செய்திருந்தாள். அந்தச் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இன்னும் விழாமல் நின்றாள்.

வேறு கல்யாணமாக இருந்தால் ஃபிளாஷை வண்டிக்குள் விட்டெறிந்துவிட்டுக் கிடைத்த வெளிச்சத்தில் எடுத்துத் தள்ளியிருப்பாள். இன்றைக்கு அது நடக்காது. காலையில் தலை அலங்காரம் நடக்கும்போதே மணப்பெண் சிசெல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நூறு படம் எடுங்க, ஆயிரம் எடுங்க, எனக்கு அதெல்லாம் கவலையே இல்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் வேணும். நானும் அப்பாவும். அப்பா முகம் தெரியணும்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவு சுலபமில்ல. எங்க வீட்டு ஆல்பத்தைப் பூராத் தேடினாலும் அவர் இருக்க மாட்டார். எப்பவும் கேமராவுக்குப் பின்னாடிதான். இப்போ இன்னும் மோசம்." சிசெல் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். "தாடையில கட்டி. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். இடது பக்கத்தை எடுத்துட்டு, கால் எலும்பை வெட்டி வைக்கிறாங்களாம். அதுக்கப்புறம் இதே முகமா இருக்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. எனக்கு இந்த முகம் வேணும், போடில்."

தலை அலங்காரம் செய்தவள் கொண்டை ஊசியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். யோசிக்காமல் போடில், எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவளுக்குப் பிறவிக் குணம்.

தேவாலயத்தில் ஒன்றும் தேறவில்லை. ஆராதனை நடக்கும்போது ஒருத்தரும் கேமராவைத் தூக்கக் கூடாது என்று பாதிரியார் கறாராகச் சொல்லிவிட்டார். அப்பா ஏகோன் மகளைக் கைகோத்து அழைத்துக்கொண்டு நடந்தபோது அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. போடில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள், வேறென்ன செய்ய. வெளியே வாசற்படியில் அரிசி தூவுகிற நேரத்தில் ஏகோன் கோட்டுப் பையிலிருந்து தன்னுடைய பழைய பிலிம் கேமராவை எடுத்து முகத்தோடு ஒட்டிக்கொண்டார். அப்புறம் அது இறங்கவே இல்லை. எப்போதாவது இறங்கினால் கை நேராகக் கன்னத்துக்குப் போய்விடும். ஃபோனை நீட்டிய அத்தைமார்களுக்கெல்லாம் ஒரு கை, ஒரு காது, ஒரு கேமரா, அவ்வளவுதான் கிடைத்தது.

ஊர் மன்றமோ இருட்டு மரப்பலகை அடித்த கூடம். மணமக்கள் மேசைக்குப் பின்னால் வரிசையாக ஜன்னல்கள், அவற்றில் சாய்ந்த வெயில். ஃபிளாஷ் இல்லாவிட்டால் அங்கே உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கரிக்கட்டை. அந்த ஃபிளாஷுக்கும் இன்றைக்கு முழு உடம்பு இல்லை. கேமராவிலிருந்து அதற்குச் சேதி அனுப்பும் ரேடியோக் கருவியைப் போன சனிக்கிழமை ஒரு குடிகாரன் பீரில் குளிப்பாட்டியிருந்தான். அதனால் பழைய முறை: கேமராவின் தலையில் ஒரு சின்ன ஃபிளாஷ். அது மின்னுவதைத் தன் கண்ணால் பார்த்து, மூலையில் ஸ்டாண்டில் நிற்கும் பெரியது தானும் அடிக்கும். சமையலறையில் சோதித்தபோது இரண்டும் கூடப் பிறந்தவை மாதிரி ஒத்துப்போயின.

சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ப்ரேபென் தலையை நீட்டினார். மாப்பிள்ளையின் தாய்மாமா. இன்றைய விருந்தை நடத்துகிறவர். யார் எப்போது பேசுவது, எப்போது பாடுவது எல்லாம் அவர் கையில் இருக்கும் மணியின்படிதான்.

"என்ன போடில், இன்னைக்கு உன் விளக்குக்கு லீவா?"

"உன் வாய்க்கு எப்போ லீவு, ப்ரேபென்?"

"செத்தப்புறம். சீக்கிரம் வா, அடுத்தது ஏகோன் பேசப்போறார்."

போடில் ஃபிளாஷை அள்ளிக்கொண்டு ஓடினாள். ஓடினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. நொண்டினாள்.

ஏகோன் எழுந்து நின்றார். முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிய மனிதர், நெட்டை. இடது கையில் காகிதத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். போடிலுக்குத் தெரிந்ததெல்லாம் நெற்றியும் காகிதமும்தான்.

"கால் எலும்புல எனக்குத் தாடை செய்யப்போறாங்களாம்," என்று ஆரம்பித்தார். "அதனால இனிமே நான் சாப்பிட உட்கார்ந்தா, நடக்கப் போயிருக்கேன்னு வச்சுக்கங்க."

கூடம் சிரித்தது, சிரித்து முடித்த பிறகு சிரித்திருக்க வேண்டாமோ என்று விழித்தது. ஏகோன் காகிதத்தைக் கொஞ்சம் இறக்கினார்.

"சிசெல், உன்னை நான் எடுக்காத படமில்ல. ஒண்ணுல கூட நீ அசையாம நின்னதில்ல. யெப்பெ, உனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இவளை நிக்கச் சொல்லாதே. கூடவே ஓடு."

எல்லாரும் எழுந்து மூன்று முறை வாழ்த்து முழங்கினார்கள். சிசெல் அழுதுகொண்டே மேசையைச் சுற்றி அப்பாவிடம் ஓடினாள். அவர் அவளை வரவிட்டு, கேமராவைத் தூக்கி ஒன்று எடுத்துவிட்டு, உடனே அதைக் கீழே போட்டாற்போல் மேசையில் வைத்துவிட்டு மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டார். கையில் காகிதமும் இல்லை, கேமராவும் இல்லை. அவர் முகம் மகளின் தோளுக்கு மேலே முழுசாக, போடிலைப் பார்த்தபடி இருந்தது.

போடில் அமுக்கினாள். கேமராவின் தலையில் சின்னது மின்னியது. மூலையில் நின்ற பெரியது ஊமையாக நின்றது.

கேமராத் திரையில் ஜன்னலுக்கு எதிரே இரண்டு கறுப்பு உருவங்கள். அதில் யார் அப்பா யார் மகள் என்பதுகூடத் தெரியவில்லை. மறுபடி அமுக்குவதற்குள் ஏகோன் கை கன்னத்துக்குப் போய்விட்டது.

"நாசமாப் போக," என்றாள் போடில், கொஞ்சம் சத்தமாகவே. பக்கத்து மேசைக் கிழவி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

சமையலறையில் பீர்ப் பெட்டிமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். பேட்டரிகளை ஒட்டுமொத்தமாக மாற்றினாள். அடியில் இருந்த உலோகப் புள்ளிகளை ரப்பரால் தேய்த்தாள். சும்மா இருந்தால் தூங்கிப்போகும் வசதியை அணைத்தாள். வெளிச்சத்தைப் பரப்பும் குடையைக் கழற்றி, ஃபிளாஷின் கண்ணுக்கு முன்னால் எதுவும் மறைக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். அமுக்கினாள். அடித்தது. அமுக்கினாள். அடித்தது. பொட்டலம் போல அதை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் தலையைச் சாய்த்தாள். கண்ணை மூடினால் அங்கேயே தூங்கிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

சிசெல் வெள்ளைப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கட்டிப்பிடிச்சப்போ கிடைச்சுதா?"

பொய் சொல்லலாம்தான். போடிலுக்கு அதற்கும் தெம்பு இல்லை. "இல்லம்மா. ஃபிளாஷ் அடிக்கல."

சிசெல் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அழவில்லை, திட்டவில்லை. "சரி. நீங்க சாப்பிட்டீங்களா? கறி இன்னும் சூடாத்தான் இருக்கு," என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. போடில் ஃபிளாஷை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் அதை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டிருக்கும்போது யாரோ காலால் தரையைத் தட்ட ஆரம்பித்தார்கள். பக்கத்திலிருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஊர்க் கல்யாண வழக்கப்படி, விருந்தாளிகள் கோப்பையைத் தட்டினால் மணமக்கள் நாற்காலிமேல் ஏறி முத்தம் கொடுத்துக்கொண்டால் போதும். தரையைத் தட்டினால் மேசைக்கு அடியில் போய் முத்தம் கொடுத்தாக வேண்டும். பலகைத் தரை அதிர, தட்டுகள் குலுங்க, யெப்பெவும் சிசெலும் மேசைவிரிப்பைத் தூக்கி உள்ளே நுழைந்தார்கள். படம் எடுக்கிறவளும் போயாக வேண்டும், வேறு வழி? போடில் இடுப்பைச் சபித்துக்கொண்டு மண்டியிட்டு மறுபக்கமாகத் தலையை நுழைத்தாள்.

உள்ளே முட்டிகளுக்கும் காலணிகளுக்கும் நடுவில் இருவரும் சிரிப்பும் முத்தமுமாகக் கிடந்தார்கள். அப்போது மேசையின் கோடியில் விரிப்பு தூக்கப்பட்டது. ஏகோன் குனிந்து, கேமரா முகத்தில் ஒட்டியிருக்க, உள்ளே எட்டிப் பார்த்தார். பட்டென்று அவருடைய கேமரா மின்னியது. அதே நொடியில் விரிப்புக்கு வெளியே பெரிய வெளிச்சம் ஒன்று அடித்து, துணி முழுக்க வெள்ளையானது.

போடில் அமுக்கினாள். பெரியது அடிக்கவில்லை.

அவள் கேமராவை இறக்கினாள்.

"ஏகோன், இன்னொரு தடவை அமுக்குங்க."

"எதுக்கு? பிலிம் வீணாப் போகும்."

"போகட்டும். கொஞ்சம் பொறுத்து அமுக்குங்க."

அமுக்கினார். துணி மறுபடியும் வெள்ளையானது.

"அட பாவி மனுஷா! நீங்கதானா!"

தலையை நிமிர்த்தி மேசைப் பலகையில் இடித்துக்கொண்டாள். பெரிய ஃபிளாஷின் கண்ணுக்கு யாருடைய மின்னல் என்று பேதமில்லை. ஏகோனுடையதைப் பார்த்தும் அது அடித்துக் கொடுத்திருக்கிறது, விருந்து தொடங்கியதிலிருந்து. அடித்து முடித்து, திரும்ப மூச்சுப் பிடிப்பதற்குள் போடில் அமுக்கியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவர்தான் ஒரு இமைப்பொழுது முந்தி. நல்ல வேளை எது என்று அந்த மனிதருக்கு அவ்வளவு சரியாகத் தெரிந்திருந்தது. இந்தக் காலத்தில் விருந்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஃபோன்தானே வைத்திருக்கிறார்கள், அந்த வெளிச்சத்தை இது மதிக்காதே என்று அவள் அசட்டையாக இருந்துவிட்டாள். அவர் கையில் அந்தக் கேமராவைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தும் மண்டையில் ஏறவில்லை. முகத்தை மறைக்கும் சனியன் என்று மட்டும்தான் அதைப் பார்த்திருந்தாள். களைப்பு வந்தால் கண் இருந்தும் குருடு.

விஷயத்தைச் சொன்னதும் ஏகோன் வெலவெலத்துப் போனார். "ஐயோ, நான்தான் கெடுத்தேனா? இதோ, உள்ள வச்சுடறேன்." கேமரா கோட்டுப் பைக்குள் போனது. கை கன்னத்துக்குப் போனது. வாசல் பக்கம் பார்த்தார்.

போடில் அதைப் பார்த்தாள். கேமரா இல்லாவிட்டால் இந்த மனிதர் கூடத்திலேயே இருக்க மாட்டார். வெளியே படியில் உட்கார்ந்துவிடுவார்.

"வேண்டாம், வேண்டாம். நீங்க எடுங்க," என்றாள். "நான் ஃபிளாஷை நகர்த்திக்கறேன்."

அவர் நம்பினார். மணமக்கள் காதில் அவள் சொன்னது வேறு: அடுத்த தடவை தரை தட்டும்போது அவர் உள்ளே எட்டிப் பார்ப்பார். யெப்பெ கேமராவைப் பிடுங்க வேண்டும். பிடுங்கி அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும், பட்டனைத் தொடக் கூடாது. மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

"பட்டனைத் தொட்டே, தொலைச்சுப்பிடுவேன்."

"நான் எதுக்குத் தொடப்போறேன்?" என்றான் யெப்பெ, புண்பட்டவன் போல.

பெரிய ஃபிளாஷை ஸ்டாண்டிலிருந்து கழற்றி மேசைக்கு அடியில் தரையில் வைத்து, விரிப்பின் உட்பக்கத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்புகிற மாதிரித் திருப்பினாள். ஐஸ்கிரீம் வந்தது. பாட்டுக் காகிதங்கள் வந்தன. யெப்பெவின் சித்தி எழுதிய பாட்டுக்கு முடிவே இல்லை. அது ஓய்ந்ததும் போடில் சுவரோரம் நின்று, வலிக்காத காலால் தரையைத் தட்டத் தொடங்கினாள்.

ப்ரேபென் வாயைப் பிளந்தார். "படம் எடுக்கிறவ தரையைத் தட்டி நான் பார்த்ததேயில்ல!"

"இப்போ பாரு. நீயும் தட்டு."

கூடம் அதிர்ந்தது. அவர்கள் உள்ளே போனார்கள், அவளும் போனாள். கோடியில் விரிப்பு தூக்கப்பட்டது. ஏகோன் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து, மறுகையில் கேமராவோடு வந்தார். யெப்பெ எட்டிப் பறித்தான். ஏகோன், "டேய்!" என்றார். கன்னத்துக்குப் போகக் கையைத் தூக்கினார், மற்றக் கை வழுக்கியது, இரண்டையும் ஊன்ற வேண்டியதாகிவிட்டது. தவழும் பிள்ளை போல நின்றார்.

"மேசைக்கு அடியில வந்தா முத்தம் உண்டு, அப்பா," என்றாள் சிசெல். "சட்டம் அதுதான்."

தவழ்ந்து போய் அப்பாவின் கழுத்தைப் பிடித்து, இடது கன்னத்தில் அழுத்தி ஒன்று கொடுத்தாள். அவருக்கு ஒரு நொடி என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

வெளிச்சம் அடித்தது. போடில் இன்னும் அமுக்கவில்லை.

இப்போது அமுக்கினாள். ஃபிளாஷ் ஊமை. திரையில் வெறும் இருட்டு.

யெப்பெ கையிலிருந்த கேமராவைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தான். "விரல் பட்டுடுச்சு," என்றான். "சத்தியமா நான் வேணும்னு பண்ணல."

அவனைத் திட்டிப் போடிலுக்கு என்ன ஆகப்போகிறது? கேமராவை யார் கையில் கொடுத்தாலும் விரல் சும்மா இருக்குமா, இது அவளுக்குத் தெரியாததா? ஏகோன் அதற்குள் பின்வாங்கி எழுந்து போய்விட்டிருந்தார். மேசைக்கு அடியில் உட்கார்ந்தபடியே யெப்பெவிடமிருந்து அந்தக் கேமராவை வாங்கினாள். உள்ளே பிலிம் சுற்றிக்கொள்ளும் சத்தம் முனகலாகக் கேட்டது. சுருள் முடிந்திருந்தது. அதன் கடைசிப் படம் யெப்பெ பார்க்காமல் எடுத்தது.

"கறுப்பு வெள்ளைதானே இது?" என்று சிசெலிடம் கேட்டாள்.

"எப்பவும் அதுதான் போடுவார். ஏன்?"

"என் வீட்டு நிலவறையில பிலிம் கழுவற சாமானெல்லாம் கிடக்கு. தூசி தட்டணும்." போடில் முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். "நாளைக்குக் கழுவிடறேன். எதுவும் விழுந்திருக்கும்னு நான் சொல்லல. உன் புருஷன் மேசைக் காலை எடுத்திருக்கலாம்."

திரைச்சீலை, மத்தியானம் வரை தூக்கம், சத்தியம், எல்லாம் போயே போச்சு.

ஞாயிற்றுக்கிழமை அவள் நிலவறையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஈரச் சுருளை விளக்குக்கு எதிரே பிடித்து, கடைசியை மட்டும் பார்த்தாள். கோணலாக இருந்தது. பாதி விரிப்பு. ஒரு மூலையில் அவளுடைய காலணி. நடுவில், ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு முகங்கள். அவள் அங்கிருந்த மரப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். தூக்கம் இல்லாததால்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் படத்தைத் தாளில் அச்செடுத்து எடுத்துக்கொண்டு ஏகோன் வீட்டுக்குப் போனாள். அவர் சமையலறை மேசையில் படத்தை வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

"யாரு இந்த ஆளு? பரவாயில்லையே, லட்சணமா இருக்கான்."

"நேத்து உங்களைப் பார்த்துட்டுச் சம்பந்தி வீட்டாரும் அதைத்தான் சொன்னாங்க."

"செவ்வாய்க்கிழமை இதை டாக்டர்கிட்ட குடுத்துடறேன். திருப்பி வைக்கும்போது எப்படி இருந்துச்சுன்னு தெரியணும்ல." தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "இது யார் எடுத்தது?"

"யெப்பெ. தெரியாம."

"நல்ல வேளையில அமுக்கியிருக்கான் பய." ஏகோன் சுட்டுவிரலை நீட்டி, படத்தில் மகளின் உதடு பட்ட இடத்தை மெதுவாகத் தொட்டார். "இந்தப் பக்கம்தான் எடுக்கப்போறாங்க. சிசெலுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுதான் கொடுத்தா," என்றாள் போடில்.

ஏகோன் தலையை ஆட்டினார். அவர் கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, அவர் அதை மறைக்கவில்லை. அப்புறம் எழுந்து அவளுக்குக் காபி போட்டார்.